மண்ணுக்கடியில் ஒழுகும் தண்ணீர்: கணினியின் காதும் நம் கடமையும்

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின் ஆண்டவர் இயேசு சீடர்களுக்குக் கொடுத்த ஒரு கட்டளையை நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுகிறோம். அற்புதம் முடிந்துவிட்டது, எல்லாரும் நிறைவடைந்துவிட்டார்கள். அந்த நேரத்தில், மீந்த துண்டுகளில் எதுவும் வீணாகாதபடி சேகரிக்குமாறு அவர் சொல்கிறார் (யோவான் 6:12). ஐந்து அப்பங்களைக் கொண்டு அத்தனை பேருக்கும் உணவளிக்க வல்லவர், மிச்சத்தைக் கணக்குப் பார்க்கிறார்! வேண்டும்போது இன்னொரு முறை பெருக்கிக்கொள்ளலாம் என்று அவர் எண்ணவில்லை.

அன்புக்குரிய வாசகர்களே, இந்தக் கட்டளையை இன்று குழாய்த் தண்ணீருக்குப் பொருத்திப் பார்ப்போம். காரணம் இருக்கிறது. நகராட்சிகளும் குடிநீர் வாரியங்களும் நிலத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ எடுத்து, சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி அனுப்பும் தண்ணீரில் பெரும்பகுதி வீடுகளுக்கு வந்து சேர்வதில்லை. இதைக் 'கணக்கில் வராத நீர்' என்கிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 12,600 கோடி கன மீட்டர் நீர் இவ்வாறு கணக்கில் வராமல் போகிறது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் நாட்டில் இந்த இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2008இல் அளவுகோல் வகுத்தது. 2021இல் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டமும் அதே 20 விழுக்காட்டைத்தான் இலக்காக வைத்தது. பல நகரங்களில் இழப்பு மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுகிறது.

இதில் எல்லாமே கசிவு அல்ல. பழுதடைந்த மீட்டரால் கணக்கில் விடுபடுவது, அனுமதியில்லா இணைப்புகளில் போவது, இலவசமாக வழங்கப்படுவது ஆகியவையும் சேரும். ஆனாலும் மண்ணுக்கடியில் யார் கண்ணிலும் படாமல் ஒழுகுவதே நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்ய வேண்டியது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். தெருக்குழாயில் 5 மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்று. ஒரு பயறு நுழையும் அளவு. குழாயில் நாள் முழுவதும் அந்த அழுத்தம் இருந்தால், அந்த ஒரு துளை வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 14,000 லிட்டர் வெளியேறும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வரையறுத்திருக்கிறது. அப்படியானால் ஒரு பயறளவுத் துளை 250 பேருடைய பங்கைக் குடித்துவிடுகிறது! நான்கு மணி நேரம் மட்டுமே தண்ணீர் விடும் ஊராக இருந்தாலும் 40 பேரின் பங்கு போய்விடும். தெருவில் தண்ணீர் பெருக்கெடுத்தால் யாராவது குரல் கொடுப்பார்கள். மணற்பாங்கான நிலத்தில் அது மேலே வருவதே இல்லை. அப்படியே கீழே இறங்கிவிடும்.

கீழே இறங்கினால் நிலத்தடி நீரோடுதானே சேர்கிறது, நட்டம் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நாம் இறைப்பது ஆழத்திலுள்ள மணற்பாறை அடுக்குகளிலிருந்து. ஒழுகும் நீர் நிற்பது மேல்மண்ணில், பல இடங்களில் சாக்கடைக்கு அருகில். ஆழத்து அடுக்குக்கு அது போய்ச் சேர எத்தனையோ காலம் ஆகும். அதை மேலே ஏற்றச் செலவான மின்சாரமோ திரும்ப வரவே வராது.

வில்லியனூர், பாகூர் மக்களுக்கு இது வெறும் சிக்கனப் பிரச்சினை அன்று. புதுச்சேரிப் பகுதியின் குடிநீர் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்த நிலத்தடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றது. துளையிட்டால் இறைக்காமலே மேலே பொங்கி வந்தது. அந்த ஊற்றுக்கிணறுகளைப் பற்றி இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880இல் எழுதி, சென்னைக்கும் இப்படிக் கிடைக்குமா என்று ஆராய்ந்தார். இன்று அதே நிலத்தில் மோட்டாரை ஆழத்தில் இறக்க வேண்டியிருக்கிறது. பாகூர் கொம்யூனின் கிழக்கே மணப்பட்டு, நரம்பை, பனித்திட்டு எனக் கடலோர ஊர்கள் இருக்கின்றன. நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த வெற்றிடத்தை நோக்கி உப்புநீர் நகர்கிறது. குழாயில் விழுந்த ஓட்டையை ஒரே நாளில் அடைத்துவிடலாம். உப்பேறிய நிலத்தடியை ஒரு தலைமுறையில் மீட்பதே கடினம்.

நகரத்துக்கும் சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் இடையிலான தண்ணீர்க் கணக்கு புதியதல்ல. புதுச்சேரி பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்தது. தன் மாளிகையை இடித்துவிட்டுக் குளம் வெட்டிக்கொடுத்த ஆயி என்ற பெண்ணின் கதையை நம் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறோம். பிற்காலத்தில் நகரம் பெருகியது, தேவை பெருகியது. பாகூர்ப் பகுதியின் நிலத்தடி நீரை நகருக்குக் கொண்டுபோகும் யோசனை எழுந்தபோது உழவர்கள் எதிர்த்தார்கள். அவர்களைத் தன்னலக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்தின் தாகமும் உண்மைதான். ஆனால் கிராமத்தில் புதிதாக ஓர் ஆழ்துளைக் கிணறு இறக்குமுன், ஏற்கெனவே நகருக்குப் போகும் தண்ணீரில் எவ்வளவு வழியில் சிந்துகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்தான் செயற்கை நுண்ணறிவு உதவ முடியும்.

அது எப்படிச் செயல்படுகிறது? எளிய வழியிலிருந்து தொடங்குவோம். இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஊர் உறங்குகிறது. யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. அந்நேரத்தில் ஒரு பகுதிக்குள் நுழையும் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். இதற்குக் கணினிகூட வேண்டியதில்லை; பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு மீட்டர் இருந்தால் போதும். கணினி செய்வது, அந்தப் பகுதியின் வழக்கத்தைக் கற்றுக்கொள்வது. வெள்ளிக்கிழமை காலையில் எவ்வளவு போகும், பொங்கலுக்கு முந்திய நாள் எவ்வளவு என்று பல மாதக் கணக்கைப் படித்துப் பழகுகிறது. வில்லியனூர் லூர்து அன்னை திருவிழாவிலும் திருக்காமீசுவரர் தேரோட்டத்திலும் கூட்டம் பெருகித் தண்ணீர்ச் செலவு ஏறும்போது அதைக் கசிவு என்று தவறாகக் கூவக் கூடாது அல்லவா? வழக்கத்துக்கு மாறாக, காரணமில்லாமல் ஏறும் அளவை மட்டுமே அது சுட்டிக்காட்ட வேண்டும்.

அடுத்தது ஓசை. அழுத்தத்தோடு நீர் ஒரு துளை வழியே பீறிடும்போது மெல்லிய சீறல் எழுகிறது. தோக்கியோ நகரில் குடிநீர்ப் பணியாளர்கள் இரவில் தெருத்தெருவாகச் சென்று, குழாயின் மேல் ஒரு கம்பியை வைத்து, அதன் மறுமுனையைக் காதில் பொருத்திக் கேட்டுக் கேட்டே கசிவைக் கண்டுபிடித்தார்கள். 1950-களில் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர் கசிந்துகொண்டிருந்தது. இந்த நூற்றாண்டில் அது மூன்று நான்கு விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. இப்போது அந்தக் காதின் வேலையைக் குழாயில் ஒட்டிவைக்கும் சிறு கருவிகள் செய்கின்றன. இரண்டு கருவிகள் 100 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரும்புக் குழாய் வழியே ஓசை நொடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் பயணம் செய்கிறது. ஒரு கருவியைவிட மற்றொன்றுக்கு ஓசை நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாக வந்தால், அது 60 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருக்கிறது. ஆகவே துளை முதல் கருவியிலிருந்து 20 மீட்டரிலும் இரண்டாவதிலிருந்து 80 மீட்டரிலும் இருக்கிறது. லாரி ஓசை, மோட்டார் ஓசை, நாய் குரைப்பது ஆகியவற்றிலிருந்து கசிவின் சீறலைப் பிரித்தறிவதுதான் கடினம். ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கேட்டுப் பழகிய கணினி அதில் மனிதக் காதைவிடக் கூர்மையாகிறது.

விண்ணிலிருந்து ரேடார் அலைகளைச் செலுத்தி, மண்ணுக்கடியில் குடிநீர் ஊறியிருக்கும் இடங்களைத் தேடும் முறையும் வந்திருக்கிறது. குழாயின் வயது, பொருள், மண்ணின் தன்மை, முந்தைய உடைப்புகள் ஆகியவற்றை வைத்து எந்தக் குழாயை முதலில் மாற்றலாம் என்று முன்கூட்டியே சொல்லும் முறையும் உண்டு. நம் பக்கத்திலேயே சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சொலினாஸ் என்ற நிறுவனம் குழாய்க்குள்ளேயே செல்லும் எந்திரத்தை உருவாக்கியது. அது உள்ளே படம் எடுத்துக்கொண்டே போய், கசிவும் கழிவுநீர் கலப்பும் எங்கே என்று காட்டுகிறது. மலக்குழியில் மனிதர் இறங்கும் கொடுமையை ஒழிக்க ஓர் எந்திரத்தை ஐ.ஐ.டி.யோடு இணைந்து கொண்டுவந்தவர்களும் இவர்களே. தொழில்நுட்பத்தை நான் மதிக்கத் தொடங்கியது இதுபோன்ற செய்திகளைப் படித்தபின்தான்.

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். மேலே சொன்னவை பெரும்பாலும் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடும் ஊர்களுக்காக வகுக்கப்பட்டவை. நம் கிராமங்களில் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்றுதான் தண்ணீர் வருகிறது. இரவு இரண்டு மணிக்குக் குழாய் காலியாக இருந்தால் எந்த ஓட்டத்தை அளப்பது? ஓசையும் அப்படித்தான். இரும்புக் குழாய் ஓசையை நன்றாகக் கடத்தும், பி.வி.சி. குழாய் அதை விழுங்கிவிடும். நம் தெருக்களில் அதிகம் இருப்பது பி.வி.சி.தான். இலண்டன் நகரத்து இரும்புக் குழாயின் ஓசையைப் படித்த கணினிக்கு வில்லியனூர்த் தெருவின் ஓசை புரியாது. மறுபடியும் இங்கே வந்து பாடம் படிக்க வேண்டும். அதற்கு முதலில் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடம் வேண்டும். பல ஊர்களில் அந்த வரைபடம் வால்வு திறந்துவிடும் பணியாளரின் தலைக்குள்தான் இருக்கிறது. எந்த வீட்டுத் திண்ணையடியில் குழாய் திரும்புகிறது, எந்த இடத்தில் பழைய இணைப்பு மூடப்படாமல் விடப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அவர் பணி ஓய்வு பெறும் நாளில் அதுவும் போய்விடும். அவரை உட்காரவைத்து எழுதிக்கொள்வதே முதற்பணி என்பது என் எண்ணம். கருவி வாங்குவது அதற்குப் பிறகு.

ஏரிப் பாசனத்தில் இதே பணியை நீர்க்கட்டி செய்தார். இரவில் கரைமேல் நடந்து, மடையருகே நின்று காது கொடுத்து, எந்த இடத்தில் நீர் அரிக்கிறது என்று ஓசையாலேயே அறிந்து ஊரை எழுப்புவார். பாகூர் ஏரியும் அதற்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் இப்படிப்பட்ட கண்விழிப்பால் பிழைத்தவை. அவர் கூப்பிட்டபோது ஊர் மண்வெட்டியோடு வந்தது. கணினி கூப்பிட்டால் யார் வருவார்கள்?

இந்தக் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்டதல்ல. 2021இல் புதுச்சேரியின் கிராமப்புற வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு தரப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தலையில் குடம் சுமந்த நம் தாய்மார்களுக்கு அது உண்மையான விடுதலை. ஆனால் இணைப்பு கூடினால் மூட்டுகள் கூடும். மூட்டுகள் கூடினால் கசிவும் கூடும். எரேமியா இறைவாக்கினர் வாழும் நீரூற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் தங்காத உடைந்த தொட்டிகளைக் குடைந்துகொண்ட மக்களைப் பற்றிப் பேசுகிறார் (எரேமியா 2:13). புதிதாகக் குடைவதில் நமக்கு இருக்கும் ஆர்வம், உடைந்ததைச் செப்பனிடுவதில் இருப்பதில்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. கசிவை அடைத்த பிட்டருக்குக் கல்வெட்டு இல்லை. 38 ஆண்டுகளுக்குப் பின் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு பல்லாண்டுகளாக நம் கொம்யூன்களில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் போனது. தெருக்குழாய் உடைந்தால் கதவைத் தட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஊரில் எந்திரம் தரும் எச்சரிக்கை யாருடைய மேசையில் போய் விழும்?

இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. கணினி தனக்குக் கொடுக்கப்பட்ட பதிவுகளிலிருந்துதான் கற்கிறது. எந்தத் தெருவிலிருந்து அதிகப் புகார் வந்ததோ அங்கே கசிவு அதிகம் என்று எண்ணிக்கொள்ளும். புகார் கொடுக்கப் பழகியவர்கள் யார்? தொலைபேசி எண் தெரிந்தவர்கள், அலுவலகத்தில் ஆள் பழக்கம் உள்ளவர்கள். ஊரின் கடைக்கோடியிலுள்ள காலனியில் குழாயில் காற்று மட்டும் வந்தாலும், 'எப்போதும் இப்படித்தான்' என்று மக்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடுவார்கள். பதிவேட்டில் அந்தத் தெரு குறையில்லாத தெரு! அந்தப் பதிவேட்டைப் படித்த எந்திரமும் அவர்களை மறந்துவிடும். ஏழைகளின் குரலைக் கேளாதது மனிதர் செய்த பிழை. எந்திரம் அதைக் கணக்கு என்ற பெயரில் நிலைநிறுத்திவிடும்.

அனுமதியில்லா இணைப்புகளைக் கண்டுபிடிப்பதிலும் அப்படித்தான். குடிசையின் ஒரு குழாயைப் பிடிப்பது எளிது. கம்போடியத் தலைநகர் புனோம் பென் இதற்கு மாறான வழியைக் காட்டியது. 1993இல் அங்கே நூறு லிட்டரில் 72 லிட்டர் கணக்கில் வராமல் போனது. எக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்று எல்லாருக்கும் மீட்டர் பொருத்தினார், பெரியவர்களிடமிருந்தே தொடங்கினார். ஓர் இராணுவத் தளபதியின் வீட்டில் மீட்டர் பொருத்தப் போனபோது அவர்மேல் துப்பாக்கி நீட்டப்பட்டது. அவர் பின்வாங்கவில்லை, இணைப்பைத் துண்டித்தார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தைக் குறைத்தார். ஒருசில ஆண்டுகளில் அல்ல, பதினைந்து ஆண்டுகள் உழைத்து இழப்பை 6 விழுக்காடு அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2006இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மீட்டர், வரைபடம், இரவு ரோந்து, நேர்மை இவைதான். இவை உள்ள இடத்தில் எந்திரம் வந்தால் பதினைந்து ஆண்டு வேலை குறுகலாம். இவை இல்லாத இடத்தில் அது சுவரில் மாட்டிய திரைதான்.

திருச்சபையும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 30ஆம் எண்ணில், பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று கற்பித்ததோடு, வளரும் நாடுகளிலும் நீர் வீணாவதைச் சுட்டிக்காட்டினார். 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' ஏடு, செயற்கை நுண்ணறிவு மனிதர் கையிலுள்ள கருவி என்றும், அதை இயக்கும் கணினிக் கூடங்களே பெருமளவு மின்சாரமும் தண்ணீரும் குடிக்கின்றன என்றும் நினைவூட்டியது. தண்ணீரைக் காக்க வரும் எந்திரமும் தண்ணீர் குடிக்கிறது! அது குடிப்பதைவிட அதிகம் மிச்சப்படுத்துகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதே ஆண்டு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, ஆலைத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த 13ஆம் லியோவின் நினைவாகவே அப்பெயரை ஏற்றதாகவும், செயற்கை நுண்ணறிவு இன்று அதேபோன்ற மாற்றத்தைக் கொண்டுவருவதாகவும் கர்தினால்களிடம் கூறினார். நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த அந்த 13ஆம் லியோவின் காலத்தில்தான், 1886இல், வில்லியனூர் அன்னைக்கு முடி சூட்டப்பட்டது. அந்த ஆலயத்தின் முன் உள்ள குளத்தில் லூர்து நகரின் ஊற்றுநீர் கலக்கப்பட்டிருப்பதால் திருப்பயணிகள் அதைப் பக்தியோடு அள்ளிச் செல்கிறார்கள். ஒரு பாட்டில் நீரைச் சிந்தாமல் வீடு வரை கொண்டுபோகும் நம் மக்களுக்கு, தெருக்குழாயில் சிந்துவது பற்றி எடுத்துச் சொல்வது கடினமாக இராது.

வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது பாவமா என்று சிலர் கேட்கிறார்கள். கடைசி வீட்டுக்காரரின் பங்கை நாம் உறிஞ்சுகிறோம் என்று தெரிந்தே செய்தால், ஏழாம் கட்டளையை எடுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அதோடு, அப்படி இழுக்கும்போது குழாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் வழியோரச் சாக்கடையையும் ஓட்டை வழியே உள்ளே இழுக்கிறது. அது முதலில் நம் வீட்டுக் குடத்துக்கே வரும்.

அரசு செய்யட்டும் என்று காத்திராமல் நம் பங்கிலேயே தொடங்க ஒரு சோதனை உண்டு. ஆலயம், பள்ளி, விடுதி, கன்னியர் இல்லம் எதுவாயினும் சரி. யாரும் தங்காத ஒரு விடுமுறை இரவைத் தேர்ந்துகொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து சாக்பீசால் குறித்து வையுங்கள். விடியற்காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் பத்து லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியின் மிதவை வால்விலோ, தோட்டத்துக் குழாயின் தேய்ந்த வாசரிலோதான் அது ஒழுகும். அங்கெல்லாம் பார்த்தும் தெரியவில்லை என்றால், தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வால்வையும் மூடிவிட்டு ஒரு நாளைக்கு ஒரு கிளையாக இதே சோதனையைச் செய்யுங்கள். எந்தக் கிளையைத் திறந்த இரவில் மட்டம் இறங்குகிறதோ, அந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டச் சொல்லிப் பிட்டரை அழையுங்கள்.